வெந்நீரில் வலது கை

வலது கை குண்டானுக்குள் இருக்கிறது, இடது கை மடியில் இருக்கிறது, வலி மட்டும் ஓரிடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. நடுவிரல் நுனியில் கிளம்பி, உள்ளங்கையைக் கடந்து, மணிக்கட்டில் கொஞ்சம் நின்று, முழங்கைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது, மறுபடியும் கிளம்புகிறது, டவுன் பஸ் மாதிரி. வெந்நீர் ஆற ஆற அதற்கு வேகம் கூடுகிறது, சூடு ஏறினால் அடங்குகிறது. அடுப்படியில் ஷமீமா அடுத்த பாத்திரத்தைக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், தோசை ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியோடு ஓடிவந்தவள், அந்தக் கரண்டி இப்போது எங்கள் சோபாவின் கைப்பிடியில் மாவு சொட்டக் கிடக்கிறது. "அக்கா, மூச்சு நல்லா வருதா" என்று அங்கிருந்தே கேட்கிறாள். வருது என்கிறேன். கேட்காதவரை மூச்சு தானாக வந்துபோகிறது, அவள் கேட்டவுடன்தான் நான் அதை இழுத்துவிட வேண்டியிருக்கிறது, இழுத்தது போதுமா, விட்டது சரியா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. காவிரிக் கெளுத்தியின் முள் குத்திவிட்டது என்றால் திருச்சியில் யாரும் நம்புவார்கள். கடல்மீன் கொட்டிவிட்டது, அதுவும் கே.கே. நகரில், மூன்றாவது மாடியில், டிவி இருக்கவேண்டிய இடத்தில் என்றால் நானே நம்பமாட்டேன், திங்கட்கிழமை வேலைக்குப் போய் எப்படிச் சொல்லப்போகிறேனோ. தேள்மீன் என்று பெயர். ஒரு விரல் நீளம்தான். கொட்டியது அது, கொட்டப்பட்டது நான், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் மீன்தொட்டியின் கண்ணாடி. எனக்குச் சிரிப்பு வருகிறது. விரல் இந்தப் பாடு படும்போது சிரிப்பு வருவது விஷம் ஏறுவதற்கு அறிகுறியோ என்னவோ, ஆனால் காரணம் எனக்குத் தெரியும். அது உயிரோடு இருக்கிறது. காலையில் அது செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன், செத்த மீன் கொட்டாது.

உயிரோடு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தொட்டியின் விளக்கு இன்னும் எரியவில்லை, அது தானாக எரிந்து தானாக அணையும், நாம் கை வைக்கக்கூடாது. மங்கலில் பாறைமேல் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. அந்த இலைதான் மீன். தட்டையான உடம்பு, முதுகில் பாய்மாதிரி விரியும் துடுப்பு, நீரோட்டம் வந்தால் அந்தப் பக்கம் சாயும், போனால் இந்தப் பக்கம் சாயும், நீந்தவே நீந்தாது. முதல்முறை இந்த வீட்டுக்கு வந்தபோது நான் அரைமணி நேரம் தேடினேன். நான் கண் பரிசோதிப்பவள். தில்லைநகரில் ஒரு கண்ணாடிக் கடையில், இருட்டறைக்குள், வருகிறவர்களின் மூக்கில் அந்தக் கனமான சட்டத்தை மாட்டி, இது தெளிவா, முன்னாடி காட்டினது தெளிவா என்று பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள். அவர், இன்றைக்கு என் வீட்டுக்காரர், அப்படித்தான் வந்தார். எல்லாருக்கும் இரண்டில் ஒன்று தெளிவாக இருக்கும், சரியாகச் சொல்லவேண்டுமே என்ற பயத்திலேயே ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். மாற்றிப்போட்டுக் கேட்டேன். "இதுவும் அதேதான்." பார்வை நன்றாகவே இருந்தது. கொதிகலன் செய்கிற தொழிற்சாலையில், பற்றவைத்த இடங்களைப் படம்பிடித்து, அதில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அப்படிப்பட்ட கண்ணுக்கு எதற்குக் கண்ணாடி. ஆனாலும் ஒன்று வாங்கிக்கொண்டார், அடுத்த மாதம் சட்டம் இறுக்குகிறது என்று வந்தார், அதற்கடுத்து தளர்ந்துவிட்டது என்று வந்தார், நான்காவது தடவை எதுவும் சொல்லாமல் நின்றுவிட்டு, "எங்க வீட்ல கடல் இருக்கு, பார்க்க வர்றீங்களா" என்றார். நாற்பத்து மூன்று வயதுவரை என்னிடம் பலபேர் பலவிதமாகப் பேசிப்பார்த்திருக்கிறார்கள், சொந்தவீடு இருக்கிறது என்றவர்கள் உண்டு, கடல் இருக்கிறது என்றவர் அவர் ஒருத்தர்தான். போனேன். நீலப் பீப்பாயில் உப்பைக் கரைத்து நிஜமாகவே கடல் செய்துகொண்டிருந்தார். காலிஃப்ளவர் மாதிரி ஒன்று விரல்களை விரித்து மூடிக்கொண்டிருந்தது, ஒரு நண்டு அடுத்தவன் ஓட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தது, மஞ்சளாய்ப் பெரிய மீன் ஒன்று எனக்கு முதுகைக் காட்டியது. தேள்மீன் ஒன்றும் இருக்கிறது என்றார், எங்கே என்றேன். இங்கே என்றார். எங்கே என்றேன். கண்ணாடியில் அவர் விரல்வைத்த இடத்தில் இலை இருந்தது, பிறகு அந்த இலைக்குக் கண் இருந்தது. தன் வாய்க்குள் அடங்கக்கூடிய எதையும் அது விழுங்கிவிடும், அதனால் அடங்காத அளவுள்ளவற்றை மட்டுமே கூட வைத்திருக்கிறேன் என்றார். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. யாருடைய வாய்க்கும் அடங்காத வயதில்தான் நானும் இந்த வீட்டுக்கு வந்தேன்.

வந்து ஆறுமாதம் ஆகிறது. மூச்சு வருது ஷமீமா, வருது. ஆறுமாதமாக இது என் வீடு என்று என்னிடம் எல்லாரும் சொல்கிறார்கள், அவரும் சொன்னார், சமையலறையை எனக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டேன், அலமாரியில் பாதி என்னுடையது, ஆனால் ஹாலுக்கு வந்தால் இந்தத் தொட்டி முன்னால் விருந்தாளி மாதிரி ஓரமாகத்தான் நடக்கிறேன். அதன் மோட்டார் சத்தத்தில்தான் வீடு தூங்குகிறது, அதன் விளக்கில்தான் வீடு விழிக்கிறது. மின்சாரம் போனால் அவர் என்னைத் தாண்டித் தொட்டிக்குத்தான் ஓடுவார். எனக்குக் கோபமில்லை, நான் இருட்டில் மூச்சுவிடுவேன், அதற்குக் காற்றுக்குழாய் வேண்டும், நியாயம்தான். அவருக்கு அம்மா இல்லை, நான் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டார்கள், அதனால் எனக்கு மாமியார் கிடையாது என்று என் சிநேகிதிகள் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவர்களுக்கு இந்த மீனைத் தெரியாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து, வாயைக் கீழே வளைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டி, நான் எத்தனை மணிக்கு எழுந்தேன், காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டேன், பாத்திரத்தை எவ்வளவு சத்தமாக வைத்தேன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது மாதம் நான் அதற்கு அத்தை என்று பெயர் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. மீனுக்குப் பெயரெல்லாம் உண்டா என்று ஒருதடவை கேட்டதற்கு, பெயர் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார், அத்தோடு விட்டுவிட்டேன். அவர் வேலைக்குப் போனபிறகு தனியாகச் சொல்லிக்கொள்வேன், அத்தை, இன்னிக்கு ரசம் வைக்கப்போறேன். அத்தை, எனக்கு லேட்டாயிடுச்சு. அது இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும். எதிர்த்துப் பேசாத மாமியார்.

போன வாரம் அவரைப் பயிற்சிக்குப் போபால் போகச் சொன்னார்கள். கல்யாணமாகி முதல்முறையாகப் பிரிகிறோம். புறப்படும்போது ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே, அவர் பேசினார், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர் விடவேண்டும், கடல்தண்ணீர் விடக்கூடாது, உப்பு ஏறிவிடும். தொட்டிக்குள் சோப்புக்கை போகக்கூடாது, உண்மையில் எந்தக் கையுமே போகக்கூடாது, நீள இடுக்கி இருக்கிறது. கொட்டினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர், மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும், மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. ஏதாவது செத்துப்போனால் தாமதிக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கெட்டு, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் போய்விடும். இதைச் சொன்னபோது மட்டும் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். உயிருள்ள இறால்குஞ்சுதான் தேள்மீனுக்குச் சாப்பாடு, வாங்கிவைத்திருக்கும் பை தீர்ந்தபிறகு ஐஸில் வைத்த இறாலைத் துண்டாக்கி ஈர்க்குச்சியில் குத்திக் காட்டிப் பார்க்கலாம், அவர் பலமாதமாகக் காட்டிப் பார்க்கிறார், அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவர் போன மறுநாளே பையில் இருந்தவை தீர்ந்தன. நான் ஈர்க்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை ஆடாது, அது என் தொழில், விளக்கை ஒருவர் கண்மணியில் நேராகப் பிடித்து அசையாமல் நிற்கத் தெரிந்த கை. இறால்துண்டு அதன் மூக்குக்கு நேராக அசையாமல் நின்றது. அத்தையும் அசையவில்லை. தினமும் போட்டி, தினமும் அத்தைதான் ஜெயித்தாள். நேற்று அதன் நிறம் மங்கி, காய்ந்த வெற்றிலை மாதிரி, மேலே ஏதோ சாம்பல் பூத்தமாதிரி இருந்தது. இரவு எனக்குத் தூக்கம் சரியில்லை. என்னிடம் ஒப்படைத்த ஒரே ஒரு உயிரைப் பட்டினி போட்டுக்கொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். போனில் அவரிடம் எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் சொன்னேன். அவரும் ம் என்றார். இரண்டுபேரும் ம் சொல்லிக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தோம்.

காலையில் எழுந்து இறால்துண்டைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, கண்ணாடி போடாமல் வந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் கண்ணாடி போடச்சொல்கிறவள். பாறையின் அடியில் அது கிடந்தது, வெளிறிப்போய், ஒருபக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய்வந்துகொண்டு. துடுப்பின் வடிவம் தெரிந்தது, வாலின் வடிவம் தெரிந்தது. அழுகை வந்ததா என்றால் வந்தது, ஒரு விரல் நீள மீனுக்காக ஒரு பெண் நைட்டியோடு ஹாலில் நின்று அழுதாள், பார்க்க ஆளில்லை. இடுக்கி மேலேயே தொங்கியது, எடுத்தேன், எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். ஆறுமாதம் அத்தை அத்தை என்று கூப்பிட்டுவிட்டு, கடைசியில் எண்ணெய்ச்சட்டியில் வடை எடுக்கிற மாதிரி இடுக்கியால் எடுக்க மனசு வரவில்லை. மூடியைத் தள்ளிவிட்டுக் கையை விட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, அது எனக்குத் தெரியாது, இவ்வளவு நாளில் ஒருதடவைகூட நான் அதைத் தொட்டதில்லை. விரல்கள் அதைத் தொட்டன, அது எடையே இல்லாமல் வந்தது, அப்போதுதான் பாறையோரம் நான் கையூன்றப்போன இடத்தில் இன்னொரு அத்தை இருந்தாள். தீக்குச்சியை நகக்கண்ணில் உரசின மாதிரி. நான் கத்தினேன். அம்மா என்று கத்தவில்லை, முருகா என்று கத்தவில்லை. குலசேகரன் என்று கத்தினேன். அவருடைய பெயர் அது. ஆறுமாதத்தில் ஒருதடவைகூட நான் அவரைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டதில்லை, என்னங்க என்றும் வாயில் வரவில்லை, இந்த வயதில் புதிதாக என்னங்க சொல்வது நாடகம் மாதிரி இருக்கும், எதுவும் கூப்பிடாமல் அவர் திரும்புகிறவரை காத்திருந்துதான் பேசுவேன். அப்படிப்பட்டவள் மூன்று மாடிக்கும் கேட்கிறமாதிரிக் கத்தியிருக்கிறேன். பால் எடுக்கத் திறந்து தாழிடாமல் விட்டிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஷமீமா கரண்டியோடு வந்து, ஹாலைப் பார்த்து, ரூமைப் பார்த்து, பால்கனியைப் பார்த்து, "எங்கக்கா போனான் அவன்" என்றாள். யாரு என்றேன். "குலசேகரன்னு கத்துனீங்களே, யாருக்கா அவன், திருடனா?" அவளுக்கு அவர் வெறும் அண்ணன்தான், பெயர் தெரியாது. எங்க வீட்டுக்காரர் என்றேன். "அண்ணன் ஊர்ல இல்லையே." இல்லை. "அப்ப ஏன்க்கா கூப்புட்டீங்க." விரலைக் காட்டினேன்.

அதன்பிறகு அவள் எதையும் கேட்கவில்லை, வேலையைப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தடவி என் மோதிரத்தை உருவி, தொலையக்கூடாது என்று தன் விரலில் போட்டுக்கொண்டாள். வெந்நீர் வைத்தாள், குண்டானில் ஊற்றினாள், தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, போதும் என்று என் கையைப் பிடித்து உள்ளே அமுக்கினாள். இப்போது புதுவெந்நீரோடு வந்து, என் கைக்குப் படாமல் ஓரமாக ஊற்றுகிறாள், வலி மணிக்கட்டோடு நின்று திரும்புகிறது. "அந்த மீனைக் காட்டுங்கக்கா" என்கிறாள். முகவாயால் காட்டுகிறேன். "இலைதானே இருக்கு." அதுதான். "யா அல்லா, எத்தனை தடவை வந்திருக்கேன், இலைன்னுல்ல நெனச்சேன்." அவள் குனிந்து பார்க்கிறாள், பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்க்கிறாள். மேஜையில் சாஸரில் இன்னொன்று இருக்கிறது, என் கையோடு வெளியே வந்தது. ஊறின வெங்காயச் சருகு மாதிரி, அவ்வளவு மெல்லிசு, ஆனால் முதுகுத்துடுப்பு அப்படியே, வால் அப்படியே. உள்ளே ஒன்றுமில்லை. தோல். நான் பார்த்து அழுதது வெறும் தோலைப் பார்த்து. இந்த இடத்துக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. தோல் உரிந்த மீன் பிழைக்குமா? தீப்பட்டவர்களுக்குத் தோல்தான் உரியும். பட்டினியால் உரியுமா, நான் விட்ட நல்லதண்ணீரில் ஏதாவது இருந்ததா, குளோரின் போக ஒருநாள் பிடித்துவைத்துத்தான் விட்டேன், வைத்தேனா, வெள்ளிக்கிழமை வைத்தேன், சனிக்கிழமை அவசரத்தில் குழாய்த்தண்ணீரையே விட்டேனா, இல்லை, வைத்தேன், மூடிவைத்த தட்டுகூட ஞாபகம் இருக்கிறது, அந்தத் தட்டு வெள்ளிக்கிழமைத் தட்டா. அவருக்குப் போன் போட்டால் அணைத்துவைத்திருப்பதாகச் சொல்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பாம், அதில் இருப்பார். ஷமீமா என் போனில் விரலையும் தோலையும் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறாள், எதற்கு இரண்டையும் அனுப்பினாய் என்று மனசுக்குள் திட்டுகிறேன். இரண்டில் எதைப்பற்றி முதலில் கேட்பார்? இப்படி யோசிப்பது கேவலம் என்று தெரிகிறது. நாற்பத்து மூன்று வயதில் ஒரு மீனோடு போட்டிபோடுகிறேன். இது தெளிவா, முன்னாடி காட்டினது தெளிவா. ரெண்டும் ஒண்ணுதாங்க என்பார், அவர் அப்படிப்பட்ட ஆள், அதில்தானே நான் விழுந்தேன். இருந்தாலும் விரல் என்று முதலில் சொன்னால் நன்றாக இருக்கும். மீன் என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் விரல் என்று சொன்னால் நன்றாக இருக்கும். மூச்சு வருது ஷமீமா.

போன் அடிக்கிறது. ஷமீமா ஸ்பீக்கரில் போட்டு என் மடியில் வைக்கிறாள். மூச்சிரைக்கிறது, படியில் ஓடிவந்திருப்பார் போல. "தமயந்தி, மூச்சு முட்டுதா?" இல்லை என்கிறேன். "நாக்கு, உதடு எதுவும் தடிக்கலையே?" இல்லை. "தண்ணி சூட்டை எந்தக் கையால பாத்தே? கொட்டுன கைக்குச் சூடு தெரியாது, வெந்துபோயிடும்." ஷமீமா குனிந்து, "என் முழங்கையால பாத்தேண்ணே" என்கிறாள். "நல்லதும்மா." அவருடைய மூச்சு மட்டும் கேட்கிறது, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பாத்தே என்று சொன்னது எனக்கு உறைக்கிறது, ஆறுமாதமாக வாங்க போங்கதான். நான் காத்திருக்கிறேன், அவர் மீனைப்பற்றிக் கேட்பதாகத் தெரியவில்லை. கடைசியில் நானே சொல்கிறேன், "மீனோட தோல் உரிஞ்சு வந்துடுச்சுங்க. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்." "தப்பெல்லாம் இல்ல. அது அப்பப்ப உரிக்கும். உரிக்கிறதுக்கு முன்னாடி சாப்பிடாது. சொல்லலையா நான்?" சொல்லல. "நெஜமாவா?" ஷூ மாட்டும்போது எல்லாம் சொன்னீங்க, இதைச் சொல்லல. அவர் யோசிக்கிறார். "மனசுக்குள்ளயே சொல்லிட்டேன் போலிருக்கு" என்கிறார். எனக்கு அவரைத் திட்டவேண்டும் போலவும் இருக்கிறது, போபாலுக்குப் போய் அந்த நெற்றியைத் தடவிக்கொடுக்க வேண்டும் போலவும் இருக்கிறது. "அந்தத் தோலு முழுசாவா வந்திருக்கு? நாலு வருஷத்துல நான் முழுசாப் பாத்ததே இல்ல. ராத்திரியே உரிச்சுடும், காலையில மோட்டார்ல துண்டுதுண்டா மாட்டியிருக்கும். உனக்குக் கெடச்சிருக்கு." எனக்குக் கிடைத்திருக்கிறது. சாஸரைப் பார்க்கிறேன், அது இப்போது வேறுமாதிரித் தெரிகிறது. ஷமீமா அவருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கவலைப்படாதீங்கண்ணே, அத்தை நல்லா உக்காந்திருக்காங்க" என்கிறாள், நான் காலையிலிருந்து அத்தை அத்தை என்று புலம்பியதைக் கேட்டிருக்கிறாள். "எந்த அத்தை?" வேறுவழியில்லை, சொல்கிறேன். மீனுக்கு நான் வைத்த பேர் என்கிறேன். ஏன் அத்தை என்பதையும் சொல்கிறேன், காபி, சர்க்கரை, கீழே வளைந்த வாய். அந்தப் பக்கம் ஒரு சத்தம், இருமுகிறாரோ என்று பார்த்தால் சிரிக்கிறார், அவருக்குச் சிரிப்பு இப்படி வருமென்று எனக்குத் தெரியாது, ஹிந்தியில் யாரோ என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். "நான் ஹெட்மாஸ்டர்னு கூப்புடுவேன்" என்கிறார். யாரை? "அதைத்தான். எங்க ஊரு தொட்டியத்துல, பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வேப்பமரத்தடியில அசையாம நிப்பாரு. மரம்னு நெனச்சுப் பக்கத்துல போனா காதைப் புடிச்சிடுவாரு." மீனுக்குப் பேரெல்லாம் வைக்கறதில்லன்னு சொன்னீங்களே என்கிறேன். "வெளியில சொல்றதில்ல." ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாள். "டாக்டர்கிட்டக் காட்டிடு. அவங்க கூட்டிட்டுப் போவாங்கல்ல? நான் இன்னிக்கே கெளம்பறேன்." எதுக்கு, மீன் நல்லாத்தானே இருக்கு என்கிறேன். "மீனுக்கில்ல" என்கிறார். நான் தண்ணி ஆறிப்போச்சு, சூடு போதலை, ஷமீமாவைக் கூப்பிடணும் என்று சொல்லி வைத்துவிட்டேன். சூடு போதுமானதாகத்தான் இருந்தது.

ஷமீமா இன்னொரு பாத்திரம் ஊற்றிவிட்டு, புர்கா போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சாவியோடு வருகிறேன் என்று போயிருக்கிறாள், போகும்போது கரண்டியை ஞாபகமாக எடுத்துக்கொண்டு, மோதிரத்தை ஞாபகமில்லாமல் போட்டுக்கொண்டு. வீடு அமைதியாக இருக்கிறது. மோட்டார் சத்தம் கேட்கிறது, எப்போதும் கேட்பதுதான், இன்று இதமாக இருக்கிறது. விளக்கு எரிகிறது. முதலில் நீலம், பிறகு மெல்ல மெல்ல வெள்ளை, நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறேன், பாறைமேல் மாந்தளிர் ஒன்று இருக்கிறது. வெற்றிலைச் சருகு இல்லை, சாம்பல் இல்லை, அப்போதுதான் விட்ட மாந்தளிரின் அந்தச் செம்பு நிறம். அது இந்தப் பக்கம் சாய்கிறது, அந்தப் பக்கம் சாய்கிறது, பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விடுகிறது, அதன் உடம்புக்கும் அந்த வாய்க்கும் சம்பந்தமே இல்லை. எனக்குக் கோபம் என்று ஏதாவது மிச்சமிருந்தால் அந்தக் கொட்டாவியில் போய்விட்டது. எவ்வளவு நாள் பட்டினி. காலையில் எடுத்துவைத்த இறால்துண்டு கிண்ணத்தில் பனி விட்டுக் கிடக்கிறது, ஈர்க்குச்சி பக்கத்தில் கிடக்கிறது, தொட்டி மூடியை யாரும் மூடவில்லை. வலதுகையை வெளியே எடுத்துப் பார்க்கிறேன், வலி காத்துக்கொண்டிருந்தமாதிரி ஓடிவருகிறது, உடனே உள்ளே விட்டுவிடுகிறேன். அப்படியானால் இடதுகை. இடதுகையால் நான் ஒரு பொட்டுகூட நேராக வைத்ததில்லை. துண்டைக் குத்துவதற்குள் இரண்டுதடவை கீழே விழுகிறது, மூன்றாவது தடவை நிற்கிறது. ஸ்டூலைக் காலால் தொட்டியை ஒட்டித் தள்ளிக்கொண்டு, குண்டானை முழங்காலால் அணைத்துக்கொண்டு, எட்டி, ஈர்க்குச்சியை மட்டும் தண்ணீருக்குள் விடுகிறேன், விரலெல்லாம் வெளியே, அவ்வளவு புத்தி வந்துவிட்டது. கை நடுங்குகிறது. நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை. இறால்துண்டு துள்ளுகிறது, நிற்கிறது, பின்னால் நழுவுகிறது, மறுபடியும் துள்ளுகிறது, பயந்த இறால்குஞ்சு எப்படிப் போகுமோ அப்படியே போகிறது. அத்தை ஒரு கண்ணை உருட்டுகிறாள். பிறகு இன்னொன்றை. பாறையில் ஊன்றிய துடுப்பால் ஓர் அடி எடுத்துவைக்கிறாள், நடக்கிறாள், எனக்கு மூச்சு நிற்கிறது, ஷமீமா மட்டும் இப்போது கேட்டால் வரவில்லை என்றுதான் சொல்வேன். துண்டு இருந்தது. பிறகு இல்லை. அவ்வளவுதான், நடுவில் எதையும் என் கண் பார்க்கவில்லை, ஈர்க்குச்சி மட்டும் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது, அத்தை அதே பாறையில், அதே இடத்தில், வாயைக் கீழே வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தொண்டை மட்டும் ஒருதடவை ஏறி இறங்கியது. போன் அடித்தது. ஈர்க்குச்சியைப் போட்டுவிட்டு எடுத்தேன். "டிக்கெட் கெடச்சிடுச்சு" என்றார் குலசேகரன். சாப்பிட்டாச்சுங்க என்றேன். "நீயா?" அத்தை. "செத்த எறாலா? ஈர்க்குச்சியிலயா?" ஆமாம். "வீடியோ எடுத்தியா?" ஷமீமா கீழே ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. இல்லைங்க என்றேன், ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு.